வேறு மருந்து எதுவும் இல்லை

ஜனவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

சின்னவன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. உன் தம்பி மனைவி நலம். நான் நலமா என்பதைக் கம்பெனியிடம் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறுவதைக் குறைத்தாயா?

போனில் பேசினால் நான் ஆமாம் ஆமாம் என்று நழுவிவிடுகிறேன், தாளில்தான் மாட்டுவேன் என்று சொல்வாய். இதோ மாட்டிக்கொள்கிறேன். என்னை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

இருபத்தாறு வருஷம் தொலைதூர பஸ் ஓட்டியிருக்கிறேன். ஒரு கண்ணாடிகூட உடைந்ததில்லை. போன மாதம் புது டாக்டர் வந்து எல்லா ஓட்டுநர்களுக்கும் ரத்தம் எடுத்தார். கல்லீரலுக்கு என்று ஒரு எண் இருக்கிறதாம், நாற்பதுக்குள் இருக்க வேண்டுமாம். எனக்கு எழுபத்தெட்டு. படம் எடுத்துப் பார்த்ததில் ஈரலில் கொழுப்பு. மேலாளர் கூப்பிட்டார்.

"எத்தனை வருஷமா பழக்கம்?"

"என்ன பழக்கம் சார்?"

"பாத்தீங்களா, தெரியாத மாதிரியே கேக்கறீங்க."

அக்கா, நான் அதைக் கையால் தொட்டவன்கூட இல்லை. உனக்குத் தெரியும். குடிக்காதவனுக்கும் இது வரும் என்று டாக்டரே சொன்னார். மேலாளர் காதில் ஏறவில்லை. ஆறு மாதத்துக்கு நான் வண்டி கழுவும் கொட்டகையில். ஜூன் முடிவதற்குள் எண் இறங்கினால் ஸ்டீரிங். இல்லாவிட்டால் ஓய்வு பெறும்வரை வாளிதான். என்னிடம் வேலை கற்றவன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "என்ன அண்ணே, கடைசியில தண்ணியிலயே நிக்க விட்டுட்டாங்களா?" என்கிறான். எல்லாரும் சிரிக்கிறார்கள். நான் குழாயை அவன் பக்கம் திருப்பினேன். அது மட்டும் நன்றாக இருந்தது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


ஜனவரி 12

அன்புள்ள சின்னவனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் இருக்கட்டும். அது என்னைவிட்டு எங்கே போய்விடப் போகிறது? படித்த கையோடு அந்த மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். பிறகு கிழித்துவிட்டேன். நான் வகுப்பில்கூட யாரையும் அப்படித் திட்டியதில்லை.

ஆனால் உன்னிடமும் ஒன்று கேட்க வேண்டும். வழியில் எந்தக் கடையில் பஸ்ஸை நிறுத்துகிறாயோ அங்கே ஓட்டுநருக்குச் சாப்பாடு இலவசம், அல்லவா? பயணிக்கு ஒரு கரண்டி என்றால் உனக்கு மூன்று. பொரித்தது, இனிப்பு, கண் அசராமல் இருக்க ஒரு பாட்டில் சர்க்கரைத் தண்ணீர். இருபத்தாறு வருஷம்! எங்கள் பள்ளியில் ஒரு சாமான் அறை இருந்தது. யாரும் எதையும் தூக்கிப் போட மாட்டார்கள், உடைந்த நாற்காலியையெல்லாம் அங்கே கொண்டுபோய்த் தள்ளுவார்கள். ஒருநாள் கதவைத் திறக்கவே முடியவில்லை. உன் ஈரலும் அப்படித்தான். தேவைக்கு மேல் வருவதையெல்லாம் கொழுப்பாக்கி அடுக்கி வைத்திருக்கிறது. பாவம், அது என்ன செய்யும்?

ஆகவே கேள். பாட்டில் பானம் இன்றோடு சரி. பழச்சாறும் வேண்டாம், பழமாகக் கடித்துத் தின். தட்டில் பாதி காய்கறியும் கீரையும், கால் பங்கு பருப்போ மீனோ, மீதிக் கால்தான் சோறு. காபி குடி, சர்க்கரை இல்லாமல். தினமும் அரை மணி நேரம் வேர்க்கும்படி நட. நேரத்துக்குத் தூங்கு. பட்டினி கிடந்து ஒரே மாதத்தில் இளைக்காதே, அதுவும் ஈரலுக்கு ஆகாது. மெதுவாகக் குறை.

இன்னொன்று. என்னிடம் படித்த பையன் ஒருவன், நான்கு வருஷமும் முதல் வரிசையில் உட்கார்ந்தவன், இப்போது கடை வீதியில் இயற்கைப் பொருள் அங்காடி வைத்திருக்கிறான். ஈரலைச் சுத்தப்படுத்த ஒரு பச்சைப் பொடி தருகிறான். ஒரு டப்பா அனுப்பியிருக்கிறேன். காலையும் மாலையும் ஒரு கரண்டி, வெந்நீரில். பயப்படாதே, இது மருந்து இல்லை. இலையும் வேரும்தான், சாப்பாடு மாதிரி.

அந்த ஸ்டீரிங் உன்னுடையது. விட்டுக்கொடுக்காதே.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நலமா? டப்பா வந்து சேர்ந்தது. ரேடியேட்டர் தண்ணீரை ஒருமுறை தெரியாமல் குடித்திருக்கிறேன். அது எவ்வளவோ பரவாயில்லை. ஆனாலும் இரண்டு வேளையும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறேன். நீ பக்கத்தில் பிரம்போடு நிற்பதாக நினைத்துக்கொள்வேன், இறங்கிவிடும்.

சொன்னதெல்லாம் நடக்கிறது. வேலை முடிந்ததும் பணிமனைச் சுவரை ஒட்டி ஆறு சுற்று நடக்கிறேன். முதல் நாள் காவலாளி, "என்ன தொலைச்சீங்க?" என்று கேட்டான். "தொப்பையைத் தொலைக்கப் பாக்கறேன், தொலைய மாட்டேங்குது" என்றேன். இப்போது அவனும் கூட நடக்கிறான். நாலு கிலோ குறைந்திருக்கிறது. சர்க்கரை இல்லாத காபி முதல் வாரம் தண்டனை. இப்போது யாராவது சர்க்கரை போட்டுக் கொடுத்தால்தான் குமட்டுகிறது.

ஆனால் கொட்டகை வாழ்க்கைதான் தாங்கவில்லை. நேற்று என் வண்டியை நானே கழுவினேன். இருக்கையை எவனோ பின்னால் தள்ளி வைத்திருக்கிறான். அதை என் அளவுக்கு முன்னால் இழுத்து வைத்துவிட்டு இறங்கினேன். நாளைக்கு அவன் திட்டட்டும்.

உன் தம்பி


பிப்ரவரி 19

அன்புள்ள சின்னவனுக்கு,

நாலு கிலோ! உன் கடிதத்தை எதிர்வீட்டுத் தையற்காரிக்குப் படித்துக் காட்டினேன். அவள் கணவனுக்கும் இதே தொல்லையாம், இதே பழிச்சொல்லும்கூட. குடிக்காதவன் ஈரல் கெட்டால் அவன் பொய்யன், குடிக்கிறவன் ஈரல் நன்றாக இருந்தால் அவன் கெட்டிக்காரன். இது என்ன நியாயம்?

பொடியைப் பற்றி அங்காடிக்காரனிடம் சொன்னேன். "டீச்சர், வேலை செய்யுதுன்னா ஏன் ரெண்டு வேளையோட நிறுத்தணும்? மூணு வேளை குடுங்க" என்றான். சரியாகத்தான் படுகிறது. இன்னும் இரண்டு டப்பா அனுப்புகிறேன். உன் நாலு கிலோ கதையை எழுதித் தரச் சொன்னான், நாலு வரி எழுதிக் கொடுத்தேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டிவிட்டான். எனக்குக் கூச்சமாக இருந்தாலும், நல்லது நாலு பேருக்குத் தெரியட்டுமே.

முழங்கால் பரவாயில்லை. உன் மனைவியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

இருநூற்று நாற்பது.

எழுபத்தெட்டாக இருந்தது இருநூற்று நாற்பதாகிவிட்டது. ஏழு கிலோ குறைந்திருக்கிறேன், இரண்டரை மாதமாக ஒரு பாட்டில் பானம் தொடவில்லை. உடம்பெல்லாம் அரிப்பு. ஆறு சுற்று நடந்தவன் இரண்டாவது சுற்றில் உட்கார்ந்துவிடுகிறேன். டாக்டர் ஒரு படிவம் கொடுத்தார். 'வேறு மருந்துகள்' என்று ஒரு கட்டம். 'எதுவும் இல்லை' என்று எழுதினேன். அவரும் புரியாமல் தலையைச் சொறிந்தார். பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொல்லியிருக்கிறார்.

மேலாளருக்கு மட்டும் எல்லாம் புரிந்துவிட்டது. இன்னொரு தாளை நீட்டினார். 'எனக்குக் குடிப்பழக்கம் உண்டு, திருந்த ஒப்புக்கொள்கிறேன்' என்று அச்சடித்தே வைத்திருக்கிறார்கள்.

"கையெழுத்துப் போடுங்க. மூணு மாசம் வகுப்புக்குப் போங்க. அப்புறம் வண்டி."

"செய்யாததுக்கு எப்படி சார் போடறது?"

"ஈரல் பொய் சொல்லாது. மனுஷன்தான் சொல்லுவான்."

தாளை மடித்து அவர் மேஜை மேலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அதையும் அவர் குடிகாரன் திமிர் என்றுதான் நினைத்திருப்பார்.

உன் தம்பி


ஏப்ரல் 6

சின்னவனுக்கு,

நலமா என்று கேட்க மனம் வரவில்லை. மூன்று நாள் தூக்கமில்லை.

கையெழுத்துப் போடாதே. அது ஒரு பக்கம். மறுபக்கம் நான் கேட்கப்போவதற்குக் கோபப்படாமல் பதில் சொல். எண் ஏன் ஏறியது? நான் அறிவியல் டீச்சர். முப்பத்தைந்து வருஷம் அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். காரணம் இல்லாமல் எதுவும் ஏறாது. சாப்பாடு சரி, நடை சரி, தூக்கம் சரி, பொடியும் மூன்று வேளை. எல்லாம் சரியென்றால் விடை தப்பாக வருமா? சொல்லாமல் விட்ட ஒன்று இருக்க வேண்டும்.

கொட்டகையில் எல்லாரும் கேலி செய்கிறார்கள் என்கிறாய். வேதனை இருக்கும், புரிகிறது. வேதனையில் எவனாவது கிளாஸை நீட்டியிருக்கலாம். ஒருநாள், இரண்டு நாள். அப்படி இருந்தால் என்னிடம் மறைக்காதே. வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையைக்கூட மன்னித்திருக்கிறேன், எழுதினேன் என்று பொய் சொன்ன பிள்ளையை மன்னித்ததில்லை.

பதில் எழுது.

அக்கா


மே 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். எண் இறங்குகிறது. இப்போது எழுபது. நடை ஆறு சுற்றுக்குத் திரும்பிவிட்டது. காய்கறியும் மற்றதும் அப்படியே நடக்கிறது. பொடி இனி அனுப்ப வேண்டாம், இங்கே நிறைய இருக்கிறது.

வெயில் அதிகம். உன் முழங்காலைப் பார்த்துக்கொள்.

தம்பி


ஜூன் 5

அன்புள்ள சின்னவனுக்கு,

ஏழு வாரமாகத் தபால்காரரை வாசலில் நின்று வரவேற்றேன். கடைசியில் ஏழெட்டு வரி! தந்தி அடித்திருந்தால்கூட இன்னும் நாலு வார்த்தை சேர்த்திருப்பாய்.

இருக்கட்டும். எழுபது என்று படித்ததும் எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. நான் கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை. நானும் இனி கேட்க மாட்டேன். நடந்தது நடந்துவிட்டது. நீ நிறுத்திக்கொண்டாய், எண் இறங்கியது, போதும். பழசைக் கிளறுகிற அக்கா நான் இல்லை.

அங்காடிக்காரனிடம் சொன்னேன், பூரித்துப்போனான். சட்டத்துக்குள் இருந்த என் நாலு வரியோடு 'எழுபதுக்கு இறங்கியது' என்று ஐந்தாவது வரியும் சேர்த்திருக்கிறான். தையற்காரியும் கணவனுக்கு வாங்கிப்போயிருக்கிறாள். நீ வேண்டாம் என்றாலும் இரண்டு டப்பா அனுப்பியிருக்கிறேன். முக்கால் கிணறு தாண்டியவன் நிற்கக் கூடாது.

ஆனால் எனக்கு ஆத்திரம் எதில் தெரியுமா? எழுபதுக்கு வந்த பிறகும் உன்னை ஏன் இன்னும் கொட்டகையில் வைத்திருக்கிறார்கள்? முதலில் வந்ததைவிடக் குறைவுதானே? கேட்டாயா?

அன்புடன்,
அக்கா


ஜூன் 14

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் தம்பி மனைவி எழுதுகிறேன். நீங்கள் நலமாக இருக்க வேண்டும். உங்கள் தம்பிக்குத் தெரியாமல் எழுதும் முதல் கடிதம் இது. உங்கள் ஐந்தாம் தேதிக் கடிதத்தைப் படித்துவிட்டு அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடக்கப் போய்விட்டார். அன்றைக்கு எத்தனை சுற்று என்று அவர் எண்ணவில்லை. நான்தான் போய்க் கூட்டிவந்தேன்.

ஏப்ரலில் பெரிய மருத்துவமனைக்கு நானும் போனேன். அங்கே ஒரு டாக்டரம்மா. "வேற மருந்து ஏதாவது?" என்று கேட்டார். இவர் இல்லை என்றார். "பொடி, கஷாயம், லேகியம்?" என்று கேட்டார். இவர் தரையைப் பார்த்தார். நான் சொல்லிவிட்டேன். "எங்க அண்ணி அனுப்பற பொடி மட்டும்தாங்க. அது சாப்பாடு மாதிரி" என்றேன். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இயற்கைன்னா ஈரலுக்குத் தெரியுமா? உள்ள போற எதையும் அதுதானே சலிக்கணும்? இன்னைக்கே நிறுத்துங்க."

நிறுத்தினோம். வேறு ஒன்றும் மாற்றவில்லை. ஆறு வாரத்தில் இருநூற்று நாற்பது எழுபதானது. போன வாரம் பார்த்தோம், நாற்பத்திரண்டு.

நீங்கள் கேட்டீர்களே, ஏன் இன்னும் கொட்டகையில் என்று. நடுவில் ஏன் ஏறியது என்பதற்குக் காரணம் எழுதித் தரச் சொல்கிறார் மேலாளர். பொடி என்றால், என்ன பொடி, யார் கொடுத்தது, கொடுத்தவர் கையெழுத்து, எல்லாம் கோப்பில் வைக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் அந்தக் குடிகாரத் தாள். ஜூன் முப்பது கடைசி நாள். இவர் இரண்டும் செய்ய மாட்டேன் என்கிறார். கேட்டால், "அக்கா ஊர்ப் பிள்ளைங்க தப்பையெல்லாம் திருத்தினவ. அவ தப்புன்னு ஒரு பைல்ல ஏற வேணாம்" என்கிறார்.

எனக்கு உங்கள்மேல் மரியாதை உண்டு அண்ணி. ஆனால் இருபத்தாறு வருஷம் ஓட்டிய மனிதர் வாளியோடு நிற்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் மரியாதையாக இருக்க முடியவில்லை. அந்தத் தையற்காரியிடமும் சொல்லிவிடுங்கள். முதலில் அதைச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி


ஜூன் 17

பேருந்து நிறுவன மேலாளர் அவர்களுக்கு,

ஐயா, உங்கள் ஓட்டுநரின் அக்கா நான். ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை என் தம்பி குடித்தது ஒன்றே ஒன்று. ஈரலைச் சுத்தப்படுத்தும் என்று நம்பி நான் அனுப்பிய பச்சைப் பொடி. முதலில் இரண்டு வேளை, பிறகு என் சொல்படி மூன்று வேளை. அதில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. நான் கேட்கவில்லை. என்னிடம் மிச்சமிருந்த டப்பாவையும் கடை முகவரியையும் இணைத்துள்ளேன். கையெழுத்து வேண்டும் என்றீர்களாம். கீழே போட்டிருக்கிறேன், தேவையானால் ஒவ்வொரு பக்கத்திலும் போடுகிறேன்.

ஈரல் பொய் சொல்லாது என்றீர்களாம். சரி. ஆனால் அது சொல்வதைக் கேட்பதற்கு முன்பே நீங்கள் விடையை அச்சடித்து வைத்திருந்தீர்கள். என் மாணவன் இப்படிச் செய்திருந்தால் பெஞ்சுமேல் நிற்க வைத்திருப்பேன்.

என் தம்பிக்கு வண்டியும், அவன் முகத்துக்கு நேராக ஒரு மன்னிப்பும் தர வேண்டுகிறேன்.

கையொப்பம்


ஜூன் 19

சின்னவனே,

உன் மனைவி எழுதிவிட்டாள். அவளைத் திட்டினால் நான் அங்கே கிளம்பி வருவேன். மேலாளருக்கு எழுதிப் பதிவுத் தபாலில் போட்டாயிற்று.

யாரைக் கேட்டு என்னைக் காப்பாற்றினாய்? நான் என்ன கண்ணாடிப் பாத்திரமா? என் பேர் கெடக் கூடாது என்று உன் பேரைக் கெடுத்துக்கொள்வாயா? ஒரு சோதனையில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், அப்போதுதான் எது வேலை செய்தது என்று தெரியும். இதை எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பேன்! உன்னிடம் சாப்பாட்டை மாற்றினேன், நடையை மாற்றினேன், பானத்தை நிறுத்தினேன், கூடவே பொடியையும் கொட்டினேன். கிலோ குறைந்ததும் பொடிக்கு மார்க் போட்டேன். எண் ஏறியதும் பொடியை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். முதல் வருஷப் பிள்ளைகூடச் செய்யாத தப்பு.

கடிதம் வந்த அன்றே தையற்காரி வீட்டுக்கு ஓடினேன். அவள் கணவர் பத்து நாள்தான் பொடியைக் குடித்திருக்கிறார், மறுநாளே டாக்டரிடம் அனுப்பினேன். தப்பித்தார். பிறகு கடைக்குப் போனேன். "அந்தச் சட்டத்தைக் கழட்டு" என்றேன். முதல் வரிசைக்காரன் சிரித்தான்.

"டீச்சர், நீங்க எழுதினதுதானே? நானா எழுதினேன்?"

"நான்தான் எழுதினேன். நான்தான் தப்புன்னு சொல்றேன். கழட்டு."

"சீசன் டைம் டீச்சர். மாசக் கடைசியில பாக்கலாம்."

ஸ்டூலை இழுத்துப்போட்டு நானே ஏறினேன். முழங்கால் அழுதது. கடையில் இருந்த ஐந்தாறு பேரும் பார்த்தார்கள். சட்டத்தைக் கழற்றிக்கொண்டு கீழே இறங்கி, என் தம்பிக்கு என்ன ஆயிற்று என்று அவர்களுக்குச் சொன்னேன். இரண்டு பேர் டப்பாவை அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். மற்றவர்கள் வாங்கிக்கொண்டுதான் போனார்கள். அதனால் தினமும் சாயங்காலம் போய் வாசலில் நின்று சொல்கிறேன். போலீசைக் கூப்பிடுவேன் என்கிறான். கூப்பிடட்டும், அவர்களுக்கும் ஈரல் இருக்கிறது.

பொடிக்கு என்னை மன்னித்துவிடு.

அக்கா


ஜூலை 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இந்த முறை நிஜமாகவே. எண் முப்பத்தாறு.

உன் கடிதம் மேலாளர் மேஜைக்கு வந்த அன்று என்னைக் கூப்பிட்டார். "உங்க அக்கா டீச்சரா?" என்றார். "ஆமா சார்" என்றேன். "தெரியுது" என்றார். மன்னிப்பு என்று வாயால் சொல்லவில்லை. அந்த அச்சடித்த தாளை என் கண் முன்னாலேயே கிழித்தார். அதற்குமேல் அவரிடம் எதிர்பார்க்க முடியாது. போன திங்கட்கிழமை முதல் வண்டி ஓட்டுகிறேன். வழிக் கடைக்காரர் பழைய பாசத்தில் தட்டை நிரப்பிக்கொண்டு வந்தார். கீரையும் பருப்பும் கேட்டேன். உடம்பு சரியில்லையா என்று பயந்துவிட்டார்.

பொடிக்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். அதற்கு அவசியமே இல்லை. நல்லது என்று நினைத்து அனுப்பினாய், நானும் நல்லது என்று நினைத்துத்தான் குடித்தேன். கட்டத்தில் 'எதுவும் இல்லை' என்று எழுதியது என் கை. அது போகட்டும்.

ஏப்ரலில், குடித்தாயா என்று ஒரு கேள்வி கேட்டாயே, அதற்கு ஏழு வாரம் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். ஊரே கேட்டபோது சிரித்தேன், மேலாளர் கேட்டபோது தாளை வைத்துவிட்டு வந்தேன். நீ கேட்டபோது என்ன செய்வதென்று தெரியவில்லை. டப்பாவில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியாது, அதை நம்பினாய். என்னைப் பிறந்ததிலிருந்து தெரியும். ஜூனில், நான் நிறுத்திக்கொண்டேன் என்று நீயே முடிவு செய்து மன்னித்தும் விட்டாய். ஜூன் பத்தொன்பதாம் தேதிக் கடிதத்தில் எல்லாம் இருக்கிறது, இது மட்டும் இல்லை. நான் மூன்று முறை படித்துத் தேடினேன்.

எனக்குக் கோபம் அக்கா. இதுவரை உன்மேல் கோபப்பட்டதே இல்லை, அதனால் எப்படி என்று சரியாகத் தெரியவில்லை.

புது வழித்தடம் உன் ஊர் வழியாகப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு உங்கள் பஸ் நிலையத்தில் வண்டி இருபது நிமிடம் நிற்கும். வந்து நில். அந்த இருபது நிமிடமும் நான் உன்மேல் கோபமாக இருக்கப்போகிறேன். குறுக்கே பேசாதே.

உன் தம்பி